ஒழுகுகிற இடத்தில் தொடங்குங்கள்

கேள்வி - பதில்

இந்த வாரக் கடிதங்கள் பெரும்பாலும் தேனி மாவட்டக் குச்சனூர்ப் பக்கத்திலிருந்து. அனுப்பியவர்கள் வேறு வேறு ஆள், கவலை மட்டும் ஒன்று: வீடு பழசு, கையில் காசு கொஞ்சம், வேலையை நாமே பார்த்தால் என்ன?

கே: எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது. வீட்டு மராமத்தை இப்போது தொடங்கலாமா, முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாமா?
– மீன ராசிக்காரர், குச்சனூர்

ப: சுயம்புவாக வந்து உட்கார்ந்திருக்கிற சனீஸ்வரரைப் பக்கத்துத் தெருவில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! ராசிக்கு இரண்டரை ஆண்டு வீதம் மூன்று ராசிக்கு ஏழரை ஆண்டு. ஒழுகுகிற தண்ணீர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. இந்த வருஷம் நான்கு ஓடு மாற்றினால் ஓட்டுச் செலவோடு போகும். விட்டால் அடுத்த வருஷம் ரீப்பர், அதற்கடுத்து கைமரம், பிறகு உத்தரம், கடைசியில் சுவர். அப்போது சனி விலகியிருப்பார், வீடும் விலகியிருக்கும். சனிக்கிழமை எள் தீபம் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஏணி போடுங்கள்.

கே: ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்றவர்கள் ‘பழைய வீட்டைப் பிரித்துக் கட்டிப் பார்’ என்று ஏன் சொல்லவில்லை?
– வாசகர், சின்னமனூர்

ப: சொல்ல வந்தவர் பாதி பிரித்த நிலையில் பேச்சு வராமல் நின்றிருப்பார். புது வீட்டுச் செலவு வரைபடத்தில் இருக்கிறது. பழைய வீட்டுச் செலவு சுவருக்குள் இருக்கிறது. இடித்தால்தான் தெரியும், தெரிந்தபிறகு நிறுத்த முடியாது.

கே: அப்பத்தா காலத்துச் சீமை ஓட்டு வீடு. கூடம், அடுப்படி, ஓர் அறை, கொல்லையில் கழிவறை. கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. நானும் மச்சானும் லீவு நாளில் முடிந்ததைச் செய்வோம், முடியாததற்கு ஆள் விடுவோம். எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?
– இரண்டு லட்சக்காரர், குச்சனூர்

ப: முதலில் அந்த இரண்டு லட்சத்திலிருந்து நாற்பதாயிரத்தை எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். கொத்தனாரிடம் சொல்லாதீர்கள், மச்சானிடமும் சொல்லாதீர்கள். பொதுப்பணித் துறை எஸ்டிமேட்டிலேயே எதிர்பாராச் செலவுக்கு ஒரு வரி உண்டு. அது புதுக் கட்டடத்துக்குச் சில சதவீதம். உங்கள் வீட்டுக்கு இருபது சதவீதம் வேண்டும், ஏனென்றால் அப்பத்தா உயில் எழுதியபோது கரையானைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்.

மீதி ஒரு லட்சத்து அறுபதாயிரம். அதைத் தொடுவதற்கு முன் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். உச்சி வெயில் நேரத்தில் சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, ஓட்டுக்குக் கீழே அண்ணாந்து நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் மழையும் வரும். நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறி போடுங்கள். அடுத்து விளக்குமாற்றுக் கட்டையால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் பூச்சு சுவரோடு இருக்கிறது. ‘பொத்’ என்றால் விட்டுவிட்டது, சும்மா நின்றுகொண்டிருக்கிறது. ரீப்பரிலும் கதவு நிலையின் அடிப்பக்கத்திலும் பேனாக்கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் அந்த மரம் கணக்கில் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்று வேலைக்கும் செலவு ஒன்றுமில்லை, எந்தக் கொத்தனாரின் எஸ்டிமேட்டையும்விட இது உண்மையானது.

இனி ஒதுக்கீடு. கூரைக்கும் தண்ணீர் வெளியே போகிற வழிக்கும் அறுபதாயிரம். கழிவறைக்கும் அடுப்படிக்கும் ஐம்பதாயிரம். ஒயரிங், மோட்டார், எர்த் மூன்றுக்கும் முப்பதாயிரம். மிச்சம் இருபதாயிரம்தான் பூச்சு, பட்டி, பெயிண்டுக்கு. இது உங்கள் வீட்டுக்கு நான் போட்ட பங்கு, கடை விலைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டு எண்ணிக்கை கூடினால் பெயிண்டிலிருந்து எடுங்கள், ஒயரிங்கிலிருந்து எடுக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் பெயிண்ட், கடைசியில் கூரை, நடுவில் சண்டை.

கே: எஸ்டிமேட் எப்போதும் ஏறுகிறதே தவிர இறங்கியதே இல்லையே, ஏன்?
– கணக்குப்பிள்ளை, மார்க்கையன்கோட்டை

ப: உங்கள் ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பித்த வீட்டுக்காரர்களிடம் 2002ல் விசாரித்தார்கள். ஆகும் என்று நினைத்தது சராசரியாக 18,658 டாலர். ஆனது 38,769 டாலர். நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் தம் புத்தகத்தில் இதை எடுத்துச் சொல்கிறார். சிட்னி ஆபரா மண்டபம் இன்னும் பெரிய கூத்து. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று ஆரம்பித்து, 1973ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம் ஆகியிருந்தது.

கானமன் சொல்கிற காரணம் நமக்கும் பொருந்தும். எஸ்டிமேட் போடும்போது எல்லாம் நல்லபடியாக நடக்கிற ஒரு வீட்டைத்தான் மனசில் கட்டுகிறோம். அந்த வீட்டில் மழை பெய்யாது, கொத்தனார் வீட்டில் சடங்கு வராது, டைல்ஸ் உடையாது. மருந்து ஒன்றுதான். உங்கள் தெருவில் கடைசியாக வீட்டு வேலை பார்த்த மூன்று பேரைப் பிடித்து ‘நினைத்தது எவ்வளவு, ஆனது எவ்வளவு’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் தெரியும். இரண்டாவது கேள்விக்குப் பெருமூச்சு வரும், பொறுத்திருந்தால் தொகையும் வரும்.

கே: ஆடிச் சனிக்கிழமை கோயிலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் வாசலைத்தான் பார்ப்பார்கள், அதனால் திண்ணைக்குக் கிரானைட் போடவேண்டும் என்கிறார் மாமா. அடுப்படிப் புகைக்கு ஒரு வழி செய்யுங்கள் என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள்.
– மருமகள், குச்சனூர்

ப: தீர்ப்பு அடுப்படிக்கே. வருகிற சொந்தம் திண்ணையில் உட்கார்வது பத்து நிமிஷம், அதுவும் சாப்பாடு தயாராகும் வரை. நீங்கள் அடுப்படியில் நிற்பது வருஷம் முழுக்க. புகை போக மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், மேடையை உங்கள் இடுப்பு உயரத்துக்குச் சரியாக ஏற்றுவது, தொட்டித் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு சரிவு. இந்த மூன்றும் கிரானைட் திண்ணையைவிடக் குறைந்த காசில் முடியும். மாமாவிடம் நேராகச் சொல்ல வேண்டாம். அடுத்த சனிக்கிழமை சமையலை அவரை மேற்பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அவரே தீர்ப்பை எழுதிவிடுவார்.

கே: ‘நாமே செய்வது’ என்றால் எதுவரை? கூலி எவ்வளவு மிச்சமாகும்?
– வாசகர், பாளையம்

ப: சுரண்டுவது, பட்டி தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, இடித்ததை அள்ளுவது, பழைய ஆணி பிடுங்குவது, கதவுக் கீல் மாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூச்சுக்குத் தண்ணீர் விடுவது. இவை உங்கள் வேலை. தண்ணீர் விடுவதைக் கேலியாக நினைக்காதீர்கள். சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் வேண்டும், நம் கடைகளில் அதிகம் கிடைக்கிற சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குப் பத்து நாள். கொத்தனார் இரண்டாம் நாளே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டில் இருக்கிறவர் காலை, மதியம், சாயங்காலம் வாளியைத் தூக்கினால் அதுதான் வேலையிலேயே உயர்ந்த வேலை.

சுமை தாங்குகிற சுவரில் கைவைப்பது, மெயின் ஸ்விட்ச், தளத்துக்குக் கம்பி கட்டுவது ஆகியவை உங்கள் வேலை இல்லை. எந்தச் சுவர் சுமை தாங்குகிறது என்று தெரியவில்லையா? ஓட்டு வீட்டில் உத்தரமோ கைமரமோ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அது. சந்தேகம் வந்தால் எல்லாச் சுவரும் சுமை தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சக் கணக்குக்கு ஒரு வரி கூடச் சேர்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஏலத் தோட்டத்துக்கோ கடைக்கோ போகாமல் வீட்டில் பெயிண்ட் அடித்தால் அந்தச் சம்பளம் போனதும் செலவுதான். பெயிண்டர் கூலியைவிட உங்கள் சம்பளம் அதிகமென்றால் பெயிண்டரை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் நீங்களே அடியுங்கள்.

கே: 12க்கு 10 அறை. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் எத்தனை பெட்டி வாங்குவது? கடைக்காரர் பன்னிரண்டு என்கிறார், கொத்தனார் எட்டு என்கிறார்.
– டைல்ஸ் ஆசைக்காரர், கோம்பை

ப: இருவரும் அவரவர் லாபத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அறை 120 சதுர அடி. ஒரு டைல்ஸ் நான்கு சதுர அடி. ஆக 30. ஓரத்தில் வெட்டுவதற்கும் உடைவதற்கும் பத்து சதவீதம் கூட்டினால் 33. இங்கேதான் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். சுவரடியில் ஓடுகிற ஸ்கர்ட்டிங் இருக்கிறதே! சுற்றளவு 44 அடி, வாசலுக்கு மூன்றடி போனால் 41. ஒரு டைல்ஸை நான்கு அங்குலப் பட்டையாக அறுத்தால் ஆறு பட்டை, மொத்தம் பன்னிரண்டு அடி வரும். எனவே இன்னும் நான்கு டைல்ஸ். மொத்தம் 37. பெட்டிக்கு நான்கு என்றால் பத்துப் பெட்டி. எட்டு வாங்கினால் இரண்டு மாதம் கழித்து அதே டிசைனில் வேறு ஷேடு வந்து நிற்கும். வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றா என்று பாருங்கள். மிஞ்சுகிற மூன்றைப் பரணில் வையுங்கள், அம்மிக் குழவி ஒரு நாள் கைதவறும்.

கே: பெயிண்டுக்கும் இப்படி ஒரு கணக்கு?
– அவர் தம்பி, கோம்பை

ப: அதே அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு சன்னலும் போக ஏறத்தாழ 390. இரண்டு கோட் அடிக்க லிட்டருக்குச் சுமார் 60 சதுர அடி என்று வைத்தால் ஆறரை லிட்டர். பட்டி சரியாகப் பார்க்காத சுவர் இன்னும் குடிக்கும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே நிறத்துக்கு ஒத்துக்கொண்டால் பெரிய வாளியாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்வீர்களா என்பது என் கணக்கில் வராது.

கே: வீடு சுரபி நதி வாய்க்கால் பக்கம். சுவரின் கீழே மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. மூன்று முறை பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தாயிற்று.
– ஈரச் சுவர்க்காரர், குச்சனூர்

ப: நான்காவது முறையும் அடிப்பீர்கள், பெயிண்ட் கடைக்காரர் உங்களுக்குத் தீபாவளி இனிப்பு அனுப்புவார். சுற்றிலும் நெல் வயல், பக்கத்தில் வாய்க்கால். நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலே ஏறுகிறது. பழைய அஸ்திவாரத்தின் மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு போட்டிருக்க மாட்டார்கள். ஏறுகிற தண்ணீர் உப்பையும் கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நிற்கும், பூச்சைப் பெயர்க்கும்.

முதலில் ஈரம் எங்கிருந்து என்று பாருங்கள். ஓரடிச் சதுரத்துக்குத் தடித்த பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. சுவரிலிருந்து என்றால் வெளியே கவனியுங்கள். சுவரை ஒட்டி மண் ஏறியிருக்கிறதா, குளிக்கிற தண்ணீர் அங்கே தேங்குகிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா? மண்ணை உள்தரையைவிட அரையடி தாழ்த்தி, தண்ணீருக்கு ஒரு சரிவு வெட்டினால் பாதி நோய் போகும். அந்த வேலைக்கு மண்வெட்டியும் மச்சானும் போதும். பிறகு உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு வெயில்காலம் முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சுப் பூசுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் போன்ற பெயிண்ட் உள்ளேயே பூட்டி வைத்து வேறு இடத்தில் பெயர்க்கும்.

கே: ஆனி ஆடிக் காற்றில் ஓடு நகர்கிறது. மிச்சத்தைக் காகம் புரட்டுகிறது.
– வாசகர், குச்சனூர்

ப: காகத்தின் மேல் உங்கள் ஊரில் புகார் எடுக்க மாட்டார்கள், அது சாமியின் வாகனம். மலைக் கணவாய் வழியே பள்ளத்தாக்கில் இறங்குகிற அந்தக் காற்றைத்தான் தேனிப் பக்கத்துக் காற்றாலைகள் காசாக்குகின்றன. நீங்கள் ஓடாகக் கொடுக்கிறீர்கள். தாழ்வாரத்தின் கடைசி இரண்டு வரிசையையும் முகட்டோட்டையும் மட்டும் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டுங்கள். காற்று முதலில் பிடிப்பது அந்த ஓரத்தைத்தான். முழுக்க மாற்றுவதாக இருந்தால் 100 சதுர அடிக்குச் சுமார் 140 சீமை ஓடு என்று கணக்குப் போடுங்கள். பழைய ஓட்டைத் தட்டிப் பார்த்து, மணிச் சத்தம் கேட்பதை எல்லாம் திரும்பப் போடுங்கள். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865ல் சூளை போட்ட காலத்திலிருந்து இந்த ஓடு அவ்வளவாக மாறவில்லை, பழையதோடு புதியது பொருந்தும். கம்பெனி முத்திரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பள்ளம் மேடு ஒன்றாக இருக்க வேண்டும்.

கே: கொல்லையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. உடைத்துப் போட்டுவிடலாமா?
– வாசகி, சீலையம்பட்டி

ப: உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், துளையும் போடாதீர்கள். அதிலிருந்து வருகிற தூசி நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நன்றாகத் தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்குங்கள். முகத்தில் சரியான மாஸ்க். பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். பட்ஜெட் பேச்சு இந்த ஒரு பதிலுக்குப் பொருந்தாது.

கே: பென்னிகுவிக் சொத்தை விற்றுப் பெரியாறு அணையைக் கட்டினார் என்கிறார்கள். நான் மனைவியின் நகையை வைத்து மாடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் என்ன?
– உத்தமபாளையத்துக் கணவர்

ப: சொத்தை விற்றார் என்பது நம் பள்ளத்தாக்கு பாசத்தோடு சொல்லிவருகிற கதை, ஆவணம் கேட்டால் வாக்குவாதம் வரும். அணை 1895ல் திறக்கப்பட்டதும், சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியதும், லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013ல் மணிமண்டபம் திறந்ததும் உண்மை. ஃபால்ஸ் சீலிங்குக்கு யாரும் மணிமண்டபம் கட்ட மாட்டார்கள். ஒழுகுகிற தளத்துக்கும் பழுதான ஒயருக்கும் நகையை வைக்கலாம், அதுவும் எந்த அறுவடைப் பணத்தில் மீட்போம் என்று தேதி எழுதிய பிறகு. அழகுக்கு வைக்கக் கூடாது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சீலிங்கைப் படுத்துக்கொண்டு பார்த்தாலும் அழகாகத் தெரியாது.

கே: அரசாங்கத்தில் மராமத்துக்குப் பணம் தருகிறார்களாமே?
– விவரம் கேட்பவர், குச்சனூர்

ப: கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் புது வீட்டுக்கு 3.50 லட்சம். 2000-01க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய வீடுகளைப் பழுதுபார்க்க 2024ல் தனியாக ஒரு திட்டம் வந்தது. இரண்டும் ஊரகத் திட்டங்கள். குச்சனூர் பேரூராட்சி, ஆகவே உங்களுக்கு வராது. பக்கத்துக் கிராமத்து மாமியார் வீட்டுக்கு வரலாம், அவரிடம் சொல்லி நல்ல பெயர் வாங்குங்கள். நகர்ப்புறத் திட்டங்களுக்குப் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும். அனுமதி விஷயத்தையும் அங்கேயே கேளுங்கள். வெள்ளையடிக்க, பூச, தரை மாற்ற யாரையும் கேட்க வேண்டாம். அறை கூட்டவும் மாடி எழுப்பவும் அனுமதி வேண்டும்.

கடன் வாங்கிப் பழுதுபார்த்து, பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வட்டியைக் கழிக்கலாம். இன்னொன்று: சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முன் போட்ட எஸ்டிமேட்டைக் காட்டுகிற மேஸ்திரியிடம் சிரித்துக்கொண்டே தேதியைக் கேளுங்கள்.

கே: லாரி பேக்கர் பாணியில் பின்பக்கம் ஒரு அறை கட்ட ஆசை. நம் ஊருக்குச் சரிப்படுமா?
– படித்த வாசகர், கம்பம்

ப: பேக்கர் குமுளி மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் குடியிருந்த கட்டடக் கலைஞர். பர்மிங்காமில் 1917ல் பிறந்து, 1945ல் இந்தியா வந்து, 2007ல் இங்கேயே மறைந்தார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம், இடைவெளிக் காற்று வெயிலையும் தடுக்கும். பூசாமல் விட்டால் பூச்சுச் செலவும் இல்லை.

இரண்டு நிபந்தனை. காளவாசல் கல் ஒரே அளவாக, விளிம்பு உடையாமல் இருக்க வேண்டும். அந்தக் கட்டு கட்டிப் பழகிய கொத்தனார் வேண்டும். பழகாதவரிடம் கொடுத்தால் மிச்சம் பிடித்த செங்கல் எல்லாம் கூலியில் போய்விடும். பேக்கரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டுமுறையைவிட அந்தக் குணம்தான்: இடித்த வீட்டின் சன்னலையும் கதவையும் தேடிப் போய் வாங்கி, அதற்குத் தக்கபடி சுவரை அமைப்பார். நாம் புதுச் சன்னல் வாங்கிவிட்டு, பழைய தேக்குச் சன்னலை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். இடித்ததில் வருகிற செங்கல், கைமரம், நிலை, ஓடு நான்குக்கும் பட்ஜெட் நோட்டில் வரவுப் பக்கம் ஒன்று திறங்கள். பலர் செலவுப் பக்கம் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள்.

கே: கொத்தனார் அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் பத்து நாளாகக் காணோம். கூப்பிட்டால் ‘இதோ வந்துட்டேன்ணே’ என்கிறார்.
– காத்திருப்பவர், சின்னமனூர்

ப: எந்த மாதம் கொடுத்தீர்கள்? ஜூனில் பெரியாறு தண்ணீர் திறந்து கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்றங்கால் விட ஆரம்பித்தால் சித்தாள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நடவுக்குப் போவார்கள். மிச்சப் பேர் விடியற்காலை ஜீப்பில் கம்பமெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டத்துக்கு. சித்தாள் இல்லாமல் கொத்தனார் வந்து என்ன செய்வார், கரண்டியைக் கழுவிக்கொண்டு டீ குடிப்பார்.

ஆடியில் யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள், அதனால் கொத்தனார் கை ஓய்வாக இருக்கும், கூலி பேச அதுதான் மாதம். ஓட்டைப் பிரிக்க மட்டும் அது மாதமில்லை, காற்று கொண்டுபோய்விடும். ஆடியில் உள்வேலை, மாசி பங்குனியில் கூரை வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் ஒரு வாரக் கூலிக்கு மேல் வேண்டாம். மராமத்தில் சதுர அடி ரேட் பேசினால் இருவரில் ஒருவர் ஏமாறுவீர்கள், நாள் கூலியே நியாயம். கடைசிப் பத்து சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாடியிலும் கழிவறையிலும் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். கீழே ஒரு சொட்டும் தெரியாவிட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள், கூட ஒரு வேட்டியும் கொடுங்கள்.

கே: கம்பி எடை குறைகிறது என்று சந்தேகம். தராசு இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?
– சந்தேகக்காரர், தேவாரம்

ப: மில்லிமீட்டர் கனத்தை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுங்கள். ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்குப் பத்தரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 8 எம்.எம். என்றால் நாலேமுக்கால் கிலோ. இறக்கும்போது கம்பிகளை எண்ணி இந்தக் கணக்கால் பெருக்கி, பில்லில் போட்ட எடையோடு ஒப்பிடுங்கள். பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தை (1988) ஒரு தடவை பாருங்கள். கட்டடப் பொருள் விஷயத்தில் சந்தேகப்படுவது பாவமில்லை என்பதும், வீடு கட்டுகிறவள் முகம் மாதாமாதம் எப்படி வாடுகிறது என்பதும் அதில் இருக்கிறது. அதில் நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை.

கே: துபாயில் இருக்கிறேன். குச்சனூர் வீட்டு வேலையை வீடியோ காலில் மேற்பார்வை பார்க்கிறேன். போதுமா?
– வெளிநாட்டு வாசகர்

ப: போனில் எல்லாச் சுவரும் நேராகத்தான் தெரியும், பிடித்திருக்கிறவர் போனைச் சாய்த்துவிட்டால் போதும். சுவரோடு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நூல் பொய் சொல்லாது. பணத்தை மொத்தமாக அனுப்பாமல் வேலை முடிந்த பகுதிக்கு மட்டும் அனுப்புங்கள். அப்பாவுக்குத் தனியாக அனுப்புங்கள், டீ செலவு அவருடையது.

கே: என் கணவர் யூடியூபைப் பார்த்துத் தானே பிளம்பிங் செய்கிறேன் என்கிறார்.
– கவலையோடு மனைவி, போடி

ப: முதலில் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு மெயின் வால்வை. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் அனுமதி கொடுக்கலாம்.

கே: எங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஆகும்?
– பத்துப் பதினைந்து பேர், பல ஊர்

ப: இப்படி ஒரு வரியில் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்வார். அடுத்த வாரம் கேள்வி அனுப்புகிறவர்கள் நான்கு விவரம் எழுதுங்கள்: சுவரின் நீளமும் உயரமும், வீட்டின் வயது, கூரை ஓடா தளமா, கடைசி மழையில் எந்த மூலையில் பாத்திரம் வைத்தீர்கள். அஞ்சலட்டை போதும்.